ஆட்டத்தைக் கெடுக்கவே வருபவர்கள்: கிரீஃபிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரீஃபிங் என்று எதைச் சொல்வது?

ஜெயிப்பதை விட்டுவிட்டு, கூட ஆடுபவரின் ஆட்டத்தைக் கெடுப்பதையே ஆட்டமாக வைத்துக்கொள்வது. சொந்த அணிக்காரரைச் சுடுவது, வாசலை மறித்து நிற்பது, எதிரியிடம் வேண்டுமென்றே போய்ப் போய்ச் சாவது, மைன்கிராஃப்டில் அடுத்தவர் கட்டிய வீட்டின் மேல் லாவா ஊற்றுவது, மைக்கில் பாட்டை அலறவிட்டு காலடிச் சத்தம் கேட்காமல் செய்வது எல்லாம் இதில் அடக்கம்.

எதிரணிக்காரர் உங்களையே குறிவைத்துப் பத்து தடவை கொன்றால் அது கிரீஃபிங் ஆகாது. அவர் வேலையே அதுதான். மூலையில் பதுங்கிச் சுடுவதும், எல்லோரும் வெறுக்கும் துப்பாக்கியையே எடுத்து வருவதும் அப்படித்தான். கொன்ற பிறகு மேலே உட்கார்ந்து எழுந்து டீபேக் பண்ணுவது எரிச்சல்தான், ஆனால் அதற்கு மட்டும் தடை எதிர்பார்க்காதீர்கள். ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, தோற்ற மேட்சுக்கெல்லாம் ரிப்போர்ட் போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

எல்லைக்கோடு கேமுக்குக் கேம் மாறும். ஈவ் ஆன்லைனில் சரக்குக் கப்பலை வழிமறித்து அழிப்பதும் வியாபாரத்தில் ஏமாற்றுவதும் ஆட்டத்தின் பகுதி. ஆனால் புதியவர்கள் தொடங்கும் குறிப்பிட்ட மண்டலங்களில் அவர்களைத் தொந்தரவு செய்வது அங்கேயும் விதிமீறல். ரஸ்டில் நீங்கள் ஆஃப்லைனில் இருக்கும்போது வீட்டை உடைப்பது சட்டப்படி சரி. நண்பர்கள் நடத்தும் மைன்கிராஃப்ட் சர்வரில் அதே காரியம் நிரந்தரத் தடைக்குப் போதுமானது. புது சர்வரில் நுழைந்ததும் விதிப் பக்கத்தைப் படிக்க இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். அங்கே இல்லாத விதியை வைத்துப் புகார் கொடுக்க முடியாது.

இந்தத் தகராறு இன்று நேற்று வந்ததில்லை. 1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் புதியவர்களை வேட்டையாடுபவர்கள் தொல்லை பொறுக்காமல், 2000-இல் உலகத்தையே இரண்டாகப் பிரித்தார்கள்: சண்டை உள்ள ஃபெலூக்கா, சம்மதம் இல்லாமல் யாரையும் தாக்க முடியாத டிராமல்.

தெரியாமல் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு தடவையை வைத்து முடிவு கட்டாதீர்கள். புகையில் நுழைந்த அணிக்காரர் மேல் குண்டு படுவதும், கையெறி குண்டு சுவரில் பட்டுத் திரும்புவதும் நடக்கிற காரியம்தான். திரும்பத் திரும்ப நடக்கிறதா, எதிரி யாரும் பக்கத்தில் இல்லாதபோது நடக்கிறதா, நடந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தவறிச் சுட்டவர் பெரும்பாலும் சட்டென்று நிறுத்துவார், ‘சாரி’ போடுவார், அல்லது வெட்கத்தில் பேசாமல் இருப்பார். வேண்டுமென்று செய்பவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். உங்கள் கோபத்தைப் பார்க்கத்தானே வந்திருக்கிறார்.

மோசமாக ஆடுவதும் கிரீஃபிங்கும் வேறு. 0-க்கு 12 என்று செத்துக்கொண்டிருப்பவர் புதியவராக இருக்கலாம். வேண்டுமென்றே சாகிறவரை அவர் வாங்கும் பொருள்களும் போகும் பாதையும் காட்டிக்கொடுக்கும். ஒரே நேர்கோட்டில் எதிரிக் கோபுரத்துக்குள் ஓடுவது, ஒரே செருப்பை ஆறு தடவை வாங்குவது, கிடைத்ததை எல்லாம் விற்றுவிட்டு நிற்பது போன்றவை திறமைக் குறைவால் வருவதில்லை.

மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே என்ன செய்யலாம்?

முதலில் மியூட். டெக்ஸ்ட், வாய்ஸ் இரண்டையும். பல கேம்களில் இவை தனித்தனி பொத்தான்கள். வாய்ஸை மட்டும் அடைத்துவிட்டு சாட்டில் வசவு வாங்கிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பிங் (வரைபடத்தில் இடத்தைக் காட்டும் ஒலிக்குறி), இமோட் (பாத்திரம் செய்யும் சைகை) ஆகியவற்றை அடைக்கவும் சில கேம்களில் தனி வசதி உண்டு. தலைக்கு மேல் பத்து பிங் அடித்தே கடுப்பேற்றுபவர்களுக்கு அதுதான் மருந்து.

ஒரே ஒரு விஷயம்: மியூட் பண்ணுவதற்கு முன் வசவு வந்த பகுதியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சில கேம்களில் மியூட் ஆனதும் பழைய வரிகளும் மறைந்துவிடும்.

‘உன்னை மியூட் பண்ணிட்டேன், ரிப்போர்ட் பண்ணிட்டேன்’ என்று சாட்டில் அறிவிக்க வேண்டாம். அது அவருக்குக் கிடைக்கும் பரிசு. ரிப்போர்ட்டைப் படிப்பவருக்கோ நீங்கள் இருவரும் சண்டை போட்டதாகத் தெரியும்.

ஆளை வெளியேற்றும் கிக் வாக்கெடுப்பு இருந்தால், மீதி அணிக்காரர்கள் ஒரு சம்பவத்தையாவது கண்ணால் பார்த்த பிறகு தொடங்குங்கள். முதல் நிமிடத்திலேயே தொடங்கினால் காரணம் புரியாமல் ‘வேண்டாம்’ அழுத்துவார்கள். தோற்ற வாக்கெடுப்பை உடனே மீண்டும் தொடங்கவும் பெரும்பாலும் முடியாது. நண்பர்கள் மூவர் சேர்ந்து வந்து தொல்லை கொடுத்தால் வாக்கெடுப்பை நம்பிப் பயனில்லை. பெரும்பான்மை அவர்களிடம் இருக்கிறது.

மியூட் பண்ணினால் அணித் தகவலும் போய்விடாதா?

கொஞ்சம் போகும். எதிரி எங்கே என்று சொல்ல பிங் இருக்கிறதே, அதை வைத்துச் சமாளிக்கலாம். திட்டிக்கொண்டே தகவல் சொல்பவரின் தகவலால் கிடைக்கும் லாபத்தைவிட, அவர் பேச்சால் சிதறும் கவனத்தின் நஷ்டம் அதிகம் என்பது எங்கள் கணக்கு.

ஆதாரம் எடுப்பது எப்படி?

சம்பவம் நடந்த பிறகு ரெக்கார்டிங்கைத் தொடங்கிப் பயனில்லை. கடைசிச் சில விநாடிகளைப் பின்னோக்கிச் சேமிக்கும் வசதியை முன்கூட்டியே போட்டு வையுங்கள். விண்டோஸின் கேம் பாரில் பின்னணிப் பதிவை ஆன் செய்துவிட்டால், விண்டோஸ், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தும்போது கடைசி 30 விநாடி சேமிக்கப்படும். போதாது என்றால் அமைப்பில் நீளத்தைக் கூட்டலாம். என்விடியா மென்பொருளில் இன்ஸ்டன்ட் ரீப்ளே ஆன் செய்திருந்தால் ஆல்ட், எஃப்10. ஓபிஎஸ் பயன்படுத்துபவர்களுக்கு ரீப்ளே பஃபர். பிளேஸ்டேஷனில் ஷேர் அல்லது கிரியேட் பொத்தான்.

அடிக்கடி நடக்கும் தப்பு: படம் மட்டும் பதிவாகி, பார்ட்டி வாய்ஸ் பதிவாகாமல் போவது. வசவுதான் புகார் என்றால் அந்த வீடியோவால் பயனே இல்லை. ஒரு நண்பரை வைத்து முன்பே சோதித்துப் பாருங்கள்.

கன்சோலில் வாய்ஸ் புகாருக்குத் தனி வழி இருக்கிறது. எக்ஸ்பாக்ஸில் 2023 முதல் 60 விநாடி வீடியோத் துண்டைப் பிடித்துப் புகாரோடு அனுப்பலாம். பிஎஸ்5 பார்ட்டி சாட்டின் கடைசி ஐந்து நிமிடத்தைச் சுழற்சியில் வைத்திருக்கும். அதிலிருந்து ஒரு துண்டை நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பினால்தான் அது வெளியே போகும். இரண்டிலும் நேரம்தான் முக்கியம்: சம்பவம் நடந்த சூட்டோடு பிடிக்க வேண்டும்.

வீடியோவோடு மேட்ச் எண், தேதி, தொல்லை கொடுத்தவரின் கணக்கு எண் மூன்றையும் குறித்து வையுங்கள். திரையில் தெரியும் பட்டப்பெயரை நாளைக்கே மாற்றிவிடலாம். மேட்ச் எண்ணும் கணக்கு எண்ணும் மாறாது.

ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: ‘இவன் சரியான டாக்சிக், மேட்சையே நாசம் பண்ணிட்டான், உடனே பேன் பண்ணுங்க.’ இதைப் படிப்பவர் எந்த நிமிடத்தைப் போய்ப் பார்ப்பார்?

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ரவுண்டு 4, 7, 9 மூன்றிலும் ஸ்பான் (ரவுண்டு தொடங்கும்) இடத்திலேயே என்னைச் சுட்டார், எதிரி யாரும் அருகில் இல்லை. ரவுண்டு 9-க்கு முன், துப்பாக்கி வாங்கிக் கொடுக்காவிட்டால் தொடரும் என்று சாட்டில் எழுதினார். ரவுண்டு 11 முதல் இடத்தை விட்டு நகரவில்லை.’ மூன்று வாக்கியம்தான். எப்போது, என்ன, எத்தனை தடவை என்பது வந்துவிட்டது. அவர் எப்படிப்பட்டவர் என்ற உங்கள் அபிப்பிராயம் அதில் இல்லை, தேவையும் இல்லை.

வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். வசவை ‘சீட்டிங்’ வகையில் போட்டால் அது ஏமாற்று மென்பொருளைத் தேடும் வரிசைக்குப் போய், அங்கே எதுவும் கிடைக்காமல் மூடப்படும். இரண்டும் செய்திருந்தால் இரண்டு வகையையும் குறியுங்கள்.

தமிழ் வசவுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ்க் கெட்டவார்த்தை தானியங்கி வடிகட்டியில் மாட்டாமல் தப்பிவிடுவது சகஜம். எழுத்தை மாற்றி மாற்றி அடிப்பார்கள், பட்டியலில் ஒரு வடிவம்கூட இருக்காது. எனவே அந்த வரியை அப்படியே நகலெடுத்து ஒட்டி, பக்கத்தில் ஆங்கிலத்தில் அதன் பொருளைச் சொல்லுங்கள். சாதி, மதம், பாலினம் சார்ந்த வசவு என்றால் அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். வெறுப்புப் பேச்சுக்கான தண்டனை சாதாரண வசவுக்கானதைவிடக் கடுமை.

ரிப்போர்ட் போட்டும் ஒன்றுமே நடக்கவில்லையே?

நடந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நிறைய கேம்களில் முதல் தண்டனை சாட் தடை, ரேங்க் மேட்சுக்கு இடைவெளி போன்றவை. அவர் ஆன்லைனில் பச்சை விளக்கோடு தெரிவார், ஆனால் பேச முடியாது. டோட்டா 2-இல் லோ பிரயாரிட்டி என்ற தண்டனை வரிசைக்குத் தள்ளப்பட்டவர் அதே சிக்கலில் இருப்பவர்களோடு சிங்கிள் டிராஃப்ட் என்ற முறையில் ஆடி, விதித்த எண்ணிக்கையில் ஜெயித்த பிறகே வெளியே வர முடியும். வெளியிலிருந்து பார்த்தால் அவர் ஜாலியாக ஆடிக்கொண்டிருப்பது போலத்தான் இருக்கும். எக்ஸ்பாக்ஸில் 2023 முதல் புள்ளி முறை: மீறலின் கடுமைக்கேற்ப ஸ்ட்ரைக் ஏறும், ஒவ்வொன்றும் ஆறு மாதம் கணக்கில் நிற்கும், எட்டு சேர்ந்தால் ஓராண்டு சமூக வசதிகளிலிருந்து விலக்கு.

பத்துப் பேரைக் கூட்டி ஒரே ஆளை ரிப்போர்ட் பண்ணச் சொல்வது வேண்டாத வேலை. பெரிய கேம்களின் அமைப்புகள் அந்த மேட்சில் இருந்தவர்களின் புகாரைத்தான் மதிக்கும், தவறான புகார் போட்டுப் போட்டு மதிப்பிழந்த கணக்குகளும் உண்டு.

பாதியிலேயே ஓடிவிட்டார், அல்லது நின்ற இடத்தில் ஏஎஃப்கே (ஆள் ஆடாமல் போய்விட்டார்). நம் ரேங்க் போகுமா?

தொடக்கத்திலேயே என்றால் தப்பிக்க வழி உண்டு. வேலரன்டில் முதல் ரவுண்டிலிருந்தே ஒருவர் இல்லை என்றால் இரண்டாம் ரவுண்டின் தொடக்கத்தில், மேட்சை ரத்து செய்யும் ரீமேக் வாக்கெடுப்பு வரும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸிலும் ஆரம்ப நிமிடங்களில் ரீமேக் உண்டு. இந்த அவகாசம் குறுகியது. ‘வந்துவிடுவார், பார்ப்போம்’ என்று காத்திருந்தால் கதவு மூடிவிடும், பிறகு முழு மேட்சையும் ஒருவர் குறைவாக ஆட வேண்டியதுதான்.

அவருக்குக் கிடைப்பது அடுத்தடுத்து ஏறும் காத்திருப்பு. கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் போட்டி மேட்சை விட்டு ஓடுபவருக்கு 30 நிமிடம், 2 மணி, 24 மணி, 7 நாள் என்று படிப்படியாக ஏறும் தடை பிரபலம். கோபத்தில் நீங்களும் சேர்ந்து வெளியேறினால் அதே படிக்கட்டு உங்களுக்கும்.

பதிலுக்கு நானும் அவரைச் சுட்டால் என்ன?

கணினிக்கு யார் தொடங்கினார் என்று தெரியாது. இரண்டு டீம்கில் எண்ணிக்கை தெரியும், அவ்வளவுதான். இதை உணர்ந்துதான் ரெயின்போ சிக்ஸ் சீஜ் 2019-இல் ரிவர்ஸ் ஃபிரண்ட்லி ஃபயரைக் கொண்டு வந்தது. செத்தவரிடம் ‘வேண்டுமென்றா, தவறியா’ என்று கேட்கும். வேண்டுமென்று என்றால், அதன் பிறகு சுட்டவர் அணிக்காரரைச் சுடும் குண்டின் சேதம் அவர் மீதே திரும்பும். அந்தக் கேள்வி வரும்போது உண்மையைச் சொல்லுங்கள். தவறிச் சுட்டவரைப் பழிவாங்க அதைப் பயன்படுத்துவதும் ஒரு வகைக் கிரீஃபிங்.

ஜிடிஏ ஆன்லைனில் இது இன்னும் வெளிப்படை. அடுத்தவரின் சொந்த வண்டிகளை அழித்துக்கொண்டே இருந்தால் ‘பேட் ஸ்போர்ட்’ பட்டியலில் சேர்ந்து, தலையில் முட்டாள் தொப்பியோடு அதே மாதிரி ஆட்களின் லாபியில் நாட்களைக் கழிக்க வேண்டும். பழிக்குப் பழி என்று அவர் காரை நீங்கள் வெடித்தாலும் அதே கணக்குதான். அங்கே புத்திசாலித்தனம், மற்றவர்கள் உங்களைச் சுட முடியாத பாசிவ் மோட், அல்லது அழைப்பு மட்டும் உள்ள செஷன். 2022 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சரக்கு விற்கும் வேலைகளையும் தனி செஷனிலேயே செய்ய முடிகிறது. விற்கப் போகும்போது ராக்கெட்டில் வந்து அடிப்பவர்களின் பிழைப்பு அதோடு பாதி போனது.

நண்பர்களுக்காக மைன்கிராஃப்ட் சர்வர் வைத்திருக்கிறேன். முன்னேற்பாடு என்ன?

ஜாவா பதிப்பு என்றால், சர்வர் புராபர்ட்டீஸ் கோப்பில் ஆன்லைன்-மோட் ‘ட்ரூ’ என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இது ‘ஃபால்ஸ்’ ஆக இருந்தால் கணக்குச் சரிபார்ப்பே இல்லை. எவரும் உங்கள் பெயரை வைத்துக்கொண்டு நுழைந்து உங்கள் ஆப் (ஆபரேட்டர், அதாவது நிர்வாகி) அதிகாரத்தோடு நிற்கலாம். ஒயிட்லிஸ்ட் (அனுமதி உள்ளவர்களின் பட்டியல்) போட்டும் வீடு உடைந்தது என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

அடுத்து ஒயிட்லிஸ்ட். ஏற்கெனவே உள்ளே இருப்பவரையும் வெளியேற்ற வேண்டுமானால் என்ஃபோர்ஸ்-ஒயிட்லிஸ்டும் சேர வேண்டும். ஸ்பான்-புரொடெக்‌ஷன் இயல்பாக 16, அதாவது ஸ்பானைச் சுற்றி 33-க்கு 33 கட்டம். ஆப் ஒருவராவது இல்லாவிட்டால் அது வேலை செய்யாது. ஆப் அதிகாரத்தை நண்பர்கள் எல்லோருக்கும் வாரி வழங்காதீர்கள். இயல்பு நிலை 4, அதில் சர்வரையே நிறுத்தலாம். உதவியாளருக்குத் தேவை கிக், தடை, பதிவுகளைப் பார்ப்பது மட்டும். லக்பெர்ம்ஸ் என்ற பிளக்இன் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) வைத்து அதை மட்டும் கொடுங்கள்.

கிரீப்பர்களை (நெருங்கி வந்து வெடிக்கும் அரக்கர்கள்) இழுத்து வந்து வீட்டருகில் வெடிக்கவிடுவதும் ஒரு தந்திரம். மாப் கிரீஃபிங் என்ற கேம்ரூலை (ஆட்ட விதி அமைப்பை) அணைத்தால் அது நிற்கும், ஆனால் கிராமவாசிகள் விவசாயம் செய்வதையும் சேர்த்தே நிறுத்திவிடும். பண்ணை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். நிலத்தைத் தங்க மண்வெட்டியால் குறித்துப் பூட்டும் கிரீஃப் பிரிவென்ஷன் போன்ற பிளக்இன் அதைவிட மேல்.

பேக்கப் தினமும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலகக் கோப்புறையை நகலெடுத்தால் பாதி எழுதிய கோப்புகள் வந்து, மீட்கும்போது சில பகுதிகள் பழுதாகும். சேவ்-ஆஃப், பிறகு சேவ்-ஆல், நகல், கடைசியாக சேவ்-ஆன். இந்தக் கடைசிக் கட்டளையை மறந்தால் அன்றைய ஆட்டம் சேமிக்கப்படாமல் போகும் அபாயம் உண்டு.

முன்னேற்பாடு இல்லை, வீடு இப்போதே இடிந்து கிடக்கிறது. மீட்க முடியுமா?

யார் எதை உடைத்தார் என்று பதிவு செய்யும் கோர்புரொடெக்ட் பிளக்இன் சம்பவத்துக்கு முன்பே இருந்தால் முடியும். பிறகு நிறுவினால் பழைய பதிவு இருக்காது, பேக்கப்தான் கதி.

இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஸ்பெக்ட் கட்டளையைப் போட்டு, உடைந்த சுவர் இருந்த காலி இடத்தில் ஒரு கட்டையை வையுங்கள். யார், எத்தனை மணி நேரம் முன்பு உடைத்தார் என்று வரி வரியாக வரும். பெட்டியை ரைட்-கிளிக் செய்தால் யார் எதை எடுத்தார் என்பதும். இரண்டு மூன்று இடத்தில் சரிபார்த்த பிறகே ரோல்பேக்குக்கு (பழைய நிலைக்கு மீட்பது) போங்கள். அதற்கு மூன்று விவரம் தேவை: ஆள் பெயர், இப்போதிலிருந்து எவ்வளவு நேரம் பின்னோக்கி, நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து எத்தனை கட்ட ஆரம். முதலில் பிரிவ்யூ சேர்த்துப் பாருங்கள், சரியாக இருந்தால் உறுதிசெய்யுங்கள்.

இங்கே சொதப்புவது மூன்று வழிகளில். ஆள் பெயரை விட்டுவிட்டு வெறும் நேரத்தைக் கொடுத்தால், அந்த நேரத்தில் மற்றவர்கள் கட்டியதும் கூடவே காணாமல் போகும். தீ வைத்திருந்தால் எரிந்த கட்டைகள் ஆளின் பெயரில் இல்லாமல் ‘ஃபயர்’ என்ற பெயரில் பதிவாகியிருக்கும். ஆளை மட்டும் ரோல்பேக் செய்துவிட்டுப் பாதி வீடு வரவில்லையே என்று முழிப்பது இதனால்தான். மூன்றாவது, பெட்டிப் பொருள்கள் திரும்பி வந்தாலும் திருடியவர் பையில் இருப்பவை தானாக மறையாது. ஒரே வைரம் இரண்டாகிவிடும். தடை செய்வதற்கு முன் பையைக் காலி செய்யுங்கள்.

பெட்ராக் பதிப்பில் ரெல்ம்ஸ் (மைன்கிராஃப்டின் சொந்த வாடகை சர்வர்) வைத்திருப்பவர்களுக்குப் பிளக்இன் இல்லை. பழைய பேக்கப்பை மீட்கும் வசதி இருக்கிறது. புதிதாக வருபவரை ‘விசிட்டர்’ நிலையில் வைத்தால் சுற்றிப் பார்க்கலாம், ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது.

தடை செய்தவர் வேறு கணக்கில் வந்துவிட்டார்.

ஐபி தடை கொஞ்ச காலம் தாங்கும். பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் ஐபி மாறிக்கொண்டே இருப்பதால் நாளைக்கு அதே எண் வேறு ஓர் அப்பாவியிடம் இருக்கும். கல்லூரி விடுதி ஐபியைத் தடுத்தால் விடுதியே வெளியே நிற்கும். திறந்த சர்வரில் புதுக் கணக்குகளுக்கு முதல் சில மணி நேரம் டிஎன்டி, லாவா வாளி, தீப்பெட்டி மூன்றையும் கொடுக்காமல் இருப்பது இதைவிடப் பலன் தரும். வெறுமனே கலாட்டாவுக்கு வருபவர் அவ்வளவு நேரம் ஒழுங்காக மரம் வெட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

எங்கள் மோடே (சர்வரை மேற்பார்க்கும் மாடரேட்டர்) தொல்லை கொடுக்கிறார்.

பொதுச் சாட்டில் போட்டு உடைக்காதீர்கள், பதிவை அழிக்கும் அதிகாரம் அவரிடம்தான் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு சர்வர் உரிமையாளருக்கு மட்டும் அனுப்புங்கள். உரிமையாளரும் அவரும் உயிர் நண்பர்கள் என்றால் வேறு சர்வர் பாருங்கள், திருத்த முடியாது.

தவறே செய்யாமல் எனக்குத் தடை வந்துவிட்டது.

நெட் போனதால் வந்த ஏஎஃப்கே தடை என்றால் மேல்முறையீட்டில் பெரும்பாலும் பலன் இருக்காது. கேமுக்குக் காரணம் தெரியாது, நீங்கள் இல்லை என்பது மட்டும் தெரியும். நெட் தள்ளாடும் நாளில் ரேங்க் ஆடாமல் இருப்பதே வழி. வேறு தடை என்றால் ஒரே ஒரு டிக்கெட் போடுங்கள். தேதி, மேட்ச் எண், உங்கள் பக்க விளக்கம், கணக்கை வேறு யாராவது பயன்படுத்தினார்களா என்பது. தினம் ஒரு டிக்கெட் போட்டால் சில இடங்களில் வரிசையில் பின்னுக்குப் போவீர்கள்.

‘உன் ஐபி தெரியும், வீட்டுக்கு வருவேன்’ என்று மிரட்டுகிறார்கள்.

ஐபியை வைத்து ஒரு சாதாரண ஆளால் ஊரைத் தோராயமாக ஊகிக்க முடியும், வீட்டு எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் போலிக் கோரிக்கைகளின் நெரிசலை ஏவி உங்கள் இணைய இணைப்பை முடக்க முடியும். வீரர்களை நேரடியாக ஒருவரோடு ஒருவர் இணைக்கும் கேம்களில் இந்த ஆபத்து அதிகம். ரவுட்டரைச் சிறிது நேரம் அணைத்துப் போட்டால் பல இணைப்புகளில் ஐபி மாறிவிடும். மாறவில்லை என்றால் இணையச் சேவையாளரிடம் கேளுங்கள்.

உண்மையான பெயர், பள்ளி, தொலைபேசி எண் அவர்களிடம் இருந்தால் விஷயம் கேமைத் தாண்டிவிட்டது. பதில் பேசாமல், எதையும் அழிக்காமல், கணக்குப் பெயர் தெரியும்படி படமெடுத்துக் காவல்துறையின் சைபர் பிரிவுக்குப் போங்கள். பட்டப்பெயர், படம், பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரே பெயரைப் பயன்படுத்தியிருந்தால் அன்றே மாற்றுங்கள். பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஆளைப் பிடிக்கிறார்கள்.

குழந்தை அழுதுகொண்டே வருகிறது. கேமைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்கினால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லாது. உட்கார்ந்து, ‘யார், என்ன செய்தார், காட்டு’ என்று கேட்டு, ரிப்போர்ட்டையும் பிளாக்கையும் குழந்தையின் கையாலேயே செய்ய வையுங்கள். பிறகு கன்சோலின் குடும்ப அமைப்பில் சாட்டை ‘நண்பர்கள் மட்டும்’ என்று மாற்றுங்கள். கேமுக்குள்ளும் தனி அமைப்பு இருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றது மாறிவிடாது.

வீடு உடைத்தவனைவிடக் கவனிக்க வேண்டியது, உடைத்த பிறகு ‘நான் சரி பண்ணித் தருகிறேன், வேறு ஆப்புக்கு வா’ என்று கூப்பிடுபவரை. படம் கேட்டாலோ, வீட்டில் சொல்லாதே என்றாலோ, உரையாடலை அழிக்காமல் அன்றே புகார் கொடுங்கள். குழந்தையின் கணக்கையும் அவசரப்பட்டு நீக்காதீர்கள், அதிலுள்ள செய்திகள்தான் சாட்சி.